குருக்கள்மடம் ஒரு சொல்லா, இரண்டா? கட்டளை வரியின் அறுபது ஆண்டுக் கதை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கி ஏ4 வீதியில் போனால் கிரான்குளத்துக்கு அடுத்து வருவது குருக்கள்மடம். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு அக்கரை படுவான்கரை. அங்கே அம்பிளாந்துறைக்குப் போக இயந்திரப் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறவேண்டும். கடிதத்தின் மேல் ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதினாலும், ‘குருக்கள் மடம்’ என்று நடுவில் இடம் விட்டு எழுதினாலும் தபால்காரர் ஒரே ஊருக்குத்தான் கொண்டுபோவார். கணினியின் கட்டளை வரிக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. சேர்த்து எழுதினால் ஒரு பொருள். பிரித்து எழுதினால் ‘குருக்கள்’ ஒன்று, ‘மடம்’ இன்னொன்று. அந்தப் பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டு, மேற்கோள் குறி இடாமல் அதை அழிக்கச் சொன்னால், கணினி இல்லாத இரண்டு கோப்புகளைத் தேடும். ஊர் அடங்கும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் மண்முனை தென் எருவில் பற்று. அது நான்கு பொருள்.

சுட்டியும் படங்களும் இல்லாத திரையில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து, அதன் பின்னால் கோப்புப் பெயர்களையும் விருப்பங்களையும் சேர்ப்பதுதான் கட்டளை வரி. பின்னால் வரும் அந்தச் சொற்களுக்கு ஆர்கியுமென்ட் என்று பெயர். அவற்றில் எது கோப்பு, எது விருப்பம், எது அந்த விருப்பத்துக்கு உரிய மதிப்பு என்று பிரித்தறியும் நிரல் பகுதியே பார்சர். மென்பொருள் எழுதுவோர் இதைப் பெரும்பாலும் ஏதாவதொரு நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சொல் எங்கே முடிகிறது, ஒரு எழுத்து என்பது என்ன என்று முடிவு செய்யும் இடம் அதுதான். அந்த முடிவுகளில் பல, தமிழ் எழுத்து கணினிக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே எடுக்கப்பட்டவை. இன்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்து ஒருவர் தமிழில் தட்டச்சு செய்யும்போதும் அவையே ஆளுகின்றன.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு இயங்கியது; பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பகிர்ந்து பயன்படுத்த வழி செய்த முன்னோடி அது. அது ஓடிய ஐ.பி.எம். 7094 கணினியின் ஒரு சொல் 36 பிட். ஒரு எழுத்துக்கு 6 பிட் என்றால் ஒரு சொல்லில் ஆறு எழுத்துதான் அடங்கும். பிரெஞ்சுப் பொறியாளர் லூயி பூசான் அங்கே பணியாற்றியபோது ‘ரன்காம்’ என்ற கருவியை எழுதினார். ஒரு கோப்பில் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து, இடையிடையே மதிப்புகளைப் பொருத்தி ஓட்டலாம். கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. அதன் பின் வந்த மல்டிக்ஸ் அமைப்பில்தான் விருப்பச் சொல்லின் முன் ஒரு சிறு கோடு போடும் வழக்கம் நிலைத்தது. மல்டிக்ஸில் விருப்பங்கள் முழுச் சொற்கள். கூடவே இரண்டெழுத்துச் சுருக்கமும் உண்டு.

பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸிலிருந்து விலகியது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைக் கட்டத் தொடங்கியபோது கோடு தங்கியது, முழுச் சொல் போய்விட்டது. 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் முதற் பதிப்புக் கையேட்டில், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளைக்கு ஒரு கோடும் அதை ஒட்டிய ஒற்றை எழுத்துகளும்தான் விருப்பங்கள். இதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டும் அல்ல. அன்று கட்டளை இடப் பயன்பட்ட டெலிடைப் 33 இயந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்து அச்சிடும். அதன் விசைகளை அழுத்தவே விரலில் பலம் வேண்டும். ஓர் எழுத்து மிச்சப்படுவது உடலுக்கே ஆறுதல். அந்த ஆறுதல் இன்று உலகெங்கும் மரபாகிவிட்டது. நியூ ஜெர்சியில் ஒரு சில விரல்கள் களைத்ததன் தடத்தை, அந்த இயந்திரத்தைப் பார்த்தே இராத தலைமுறையும் தினமும் தட்டச்சு செய்கிறது.

ஆனாலும் ஆரம்பத்தில் யாருக்கும் பொது விதி என்று எதுவும் இல்லை. சி மொழி நிரலுக்குள் வந்து சேர்வது இரண்டே செய்தி: எத்தனை சொற்கள், அவை எவை. மிச்சத்தை நிரல் எழுதுபவர் தன் விருப்பப்படி பிரித்தார். ‘டார்’ கட்டளை கோடு இல்லாமலே எழுத்துகளை வாங்கியது. ‘டிடி’ கட்டளை பெயர், சமக்குறி, மதிப்பு என்று ஐ.பி.எம். வழக்கத்தைப் பின்பற்றியது. இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதலாமா, மதிப்பை ஒட்டி எழுதவேண்டுமா விட்டு எழுதவேண்டுமா என்பதெல்லாம் கட்டளைக்குக் கட்டளை மாறின. ஒரு கருவியில் பழகிய கை அடுத்த கருவியில் தடுமாறியது.

இந்தக் குழப்பத்தை அடக்க வந்ததுதான் ‘கெட்-ஆப்ட்’. பார்சரை ஒவ்வொரு நிரலிலும் புதிதாக எழுதாமல் நூலகத்தில் ஒருமுறை எழுதிவைப்போம் என்ற எண்ணத்துக்கு வடிவம் கொடுத்த செயற்கூறு அது. ஏ.டி.&டி. நிறுவனத்துக்குள் 1980க்கு முன்பே அது எழுதப்பட்டுவிட்டது. 1984இல் ஹென்றி ஸ்பென்சர் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தன் சொந்த வடிவத்தை வெளியிட்டார். 1985இல் டல்லஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏ.டி.&டி.யும் தன் மூல நிரலைப் பொதுவுக்கு விட்டது. நிறுவனங்கள் தங்கள் மூல நிரலைப் பூட்டிவைத்த காலத்தில் இது பெரிய காரியம். எல்லோருடைய கட்டளைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவேண்டும் என்றால், அந்த ஒழுங்கை இலவசமாகத்தான் கொடுக்கவேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

கெட்-ஆப்டின் வடிவமைப்பு மிகச் சிக்கனமானது. ஏற்கும் எழுத்துகளை ஒரே சரமாக எழுதிக் கொடுத்தால் போதும். ஓர் எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி இருந்தால் அதற்கு மதிப்பு வேண்டும் என்று பொருள். இரட்டைக் கோடு தனியாக வந்தால், அதற்குப் பின் விருப்பங்கள் கிடையாது. வருவதெல்லாம் வெறும் பெயர்கள். இந்த இரட்டைக் கோட்டின் அருமை, கோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பு ஒன்று அடைவில் கிடக்கும்போது தெரியும். ‘எல்லாவற்றையும் அழி’ என்று உடுக்குறி போட்டுக் கட்டளையிட்டால், ஷெல் அந்தக் கோப்பின் பெயரையும் வரிசையில் சேர்க்கும்; பார்சர் அதைக் கோப்பு என்று அறியாமல் ஆணையாகவே எடுத்துக்கொள்ளும். உள்ளடைவுகளையும் கேள்வி கேட்காமல் அழிக்கச் சொல்லும் எழுத்துகள் அந்தப் பெயரில் இருந்துவிட்டால், இழப்பைத் திருப்ப முடியாது. இரட்டைக் கோடு ஒரு வேலி.

1992இல் யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் இந்த வழக்கங்களை விதிகளாக்கியது. அதில் மூன்றாவது நெறி ஒவ்வொரு விருப்பத்தின் பெயரும் ஒற்றை எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்கவேண்டும் என்கிறது. அதுவும் ‘எங்கும் செல்லுபடியாகும் எழுத்துத் தொகுதி’யிலிருந்து. அந்தத் தொகுதியில் இருப்பது ஆங்கில அரிச்சுவடி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோட் 1992இல் வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தமிழும் அதன் முதற் பதிப்பிலேயே இடம் பெற்றிருந்தது. தமிழைத் தள்ளிவைக்கும் எண்ணம் விதி எழுதியவர்களுக்கு இருந்திருக்காது. அவர்கள் தங்கள் மேசையில் இருந்த விசைப்பலகையைப் பார்த்து எழுதினார்கள்.

அதே காலத்தில் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டம் மல்டிக்ஸின் முழுச் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தது. இரட்டைக் கோடும் அதை ஒட்டி ஒரு சொல்லும்: ‘ஹெல்ப்’, ‘வெர்ஷன்’, ‘வெர்போஸ்’. பெயருக்கு முன்னால் விருப்பம் வரவேண்டும் என்ற கட்டாயத்தையும் குனூ தளர்த்தியது. அதோடு ஒரு சலுகை: வேறொன்றோடு குழம்பாத அளவுக்கு முதற் பகுதியை மட்டும் எழுதினாலும் போதும். தட்டச்சு செய்பவருக்கு இனிய சலுகைதான். ஆனால் நூலகத்தை வடிவமைப்பவருக்கு இது தீராத கடன். ஒருவர் சுருக்கி எழுதிய கட்டளையை ஒரு கோப்பில் சேமித்து வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார். அடுத்த பதிப்பில் அதே எழுத்துகளில் தொடங்கும் புதிய விருப்பம் ஒன்று சேர்ந்தால், அவருடைய கட்டளை ஒரு காலை ஓடாமல் நிற்கும். பைதான் நிரல்மொழியின் பார்சரில் இந்தச் சலுகையை நிறுத்திவைக்கும் வசதி 2015இல், 3.5 பதிப்பில்தான் வந்தது.

மைக்ரோசாஃப்ட் வேறு திசையில் போனது. எம்.எஸ்.டாஸின் முதற் பதிப்பு 1981இல் சாய்கோட்டை விருப்பக் குறியாக வைத்துக்கொண்டது. 1983இல் இரண்டாம் பதிப்பில் அடைவுகள் வந்தபோது, அவற்றைப் பிரிக்க யுனிக்ஸ் பயன்படுத்திய அதே சாய்கோடு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. ஆகவே பின்சாய்கோடு. இன்றுவரை விண்டோஸ் அந்தப் பக்கம் சாய்ந்தே நிற்பதற்கு ஒரு பார்சர் முடிவே காரணம். இன்னொரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. யுனிக்ஸில் வரியைச் சொற்களாக வெட்டுவது ஷெல். நிரலுக்கு வெட்டிய துண்டுகளே கிடைக்கும். விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாக நிரலுக்குப் போகும். வெட்டுவது நிரலின் பொறுப்பு. ஆகவே ‘குருக்கள் மடம்’ என்ற பெயருக்கு மேற்கோள் குறி இட்டாலும், எழுதியவர் எந்த நூலகத்தை நம்பினார் என்பதைப் பொறுத்தே அது ஒன்றாக நிற்கும்.

இந்த இடத்தில் ஈழத்துக் கணினித் தமிழின் ஒரு தனி அத்தியாயத்தைச் சொல்லாமல் போக முடியாது. யூனிகோட் பரவுவதற்கு முன்பும் பின்பும் இலங்கையின் அச்சகங்களிலும் கந்தோர்களிலும் ஆண்டது பாமினி எழுத்துரு. பாமினியில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டும். மெய்யெழுத்தின் புள்ளி அதில் அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. குருக்கள்மடம் என்ற பெயரில் க், ள், ம் என மூன்று புள்ளிகள். எனவே பாமினியில் எழுதிய அந்தப் பெயருக்குள் மூன்று அரைப்புள்ளிகள். யுனிக்ஸ் ஷெல்லில் அரைப்புள்ளி ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குவதைக் குறிக்கும் குறி. அந்தக் கோப்பைப் பட்டியலிடச் சொன்னால் ஷெல் பெயரை மூன்றாக வெட்டும்: முதல் துண்டைத் தேடும், இரண்டாவதையும் மூன்றாவதையும் தனித்தனிக் கட்டளைகளாக ஓட்டப் பார்க்கும். தமிழின் ஒவ்வொரு மெய்யிலும் வரி முறிந்தது. பாமினிக் காலத்துக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் இறங்கும் எவரும் கோப்புப் பெயர்களை முதலில் மேற்கோளுக்குள் அடைக்கவேண்டும். அந்தக் கோப்புகளில் ஊர்களின் வரலாறும் காணிப் பதிவுகளும் கோயில் சிறப்பு மலர்களும் இருக்கின்றன. பெயர் முறிந்ததால் அவை தொலையக் கூடாது.

யூனிகோட் வந்ததும் அரைப்புள்ளி போனது, கணக்கு வந்தது. பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் குருக்கள்மடம் எட்டு எழுத்து: கு, ரு, க், க, ள், ம, ட, ம். யூனிகோடில் அது 13 குறிகள், ஏனென்றால் உகரக் கொம்பும் புள்ளியும் தனிக் குறிகள். யூ.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால் 39 பைட். எட்டு, பதின்மூன்று, முப்பத்தொன்பது: ஒரே ஊருக்கு மூன்று நீளம். பார்சர் இதில் எதை எண்ணுகிறது என்பதுதான் கேள்வி.

பழைய கெட்-ஆப்ட் பைட்டை எண்ணும். கோடு போட்டு ‘த’ என்று எழுதினால் அது ஒரு விருப்பமாகத் தெரியாது. மூன்று தனி விருப்பங்களாகப் படிக்கும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ள குனூ சி நூலகம் இன்றும் அப்படித்தான்.

விண்டோஸின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோது யூனிகோட் வழியாக மட்டுமே வந்தது. தமிழுக்கு என்று பழைய பாணிக் குறியீட்டுப் பக்கம் எதுவும் இல்லை. சி மொழியின் வழக்கமான வாசலால் ஆர்கியுமென்டுகளை வாங்கிய நிரல்களுக்கு கணினியில் அமைந்திருந்த வேறொரு பழைய பாணிப் பக்கத்தின் எழுத்துகள் மட்டுமே கிடைக்கும். தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளின் வரிசையாக மாறிப் போய்ச் சேர்ந்தது. கேள்விக்குறி விண்டோஸில் கோப்புப் பெயராகவே இருக்க முடியாது. கோப்பு கண்ணெதிரே இருக்க, ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற பதில். யூ.டி.எஃப்-8ஐயே ஒரு நிரலின் குறியீட்டுப் பக்கமாக வைத்துக்கொள்ளும் வழி 2019இல், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில்தான் திறந்தது.

பைதான் இந்தச் சிக்கலை நேராகப் பார்த்தது. 2008 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பு எல்லாச் சரமும் யூனிகோட் என்றது. அப்படியானால் யூனிகோடாகப் படிக்க முடியாத பைட்டுகள் கட்டளை வரியில் வந்தால்? அடுத்த ஆண்டு 3.1 பதிப்பில் மார்ட்டின் ஃபான் லூவிஸ் முன்மொழிந்த தீர்வு சேர்ந்தது: புரியாத பைட்டைத் தூக்கி எறியாதே, அடையாளம் இட்டு உள்ளே வைத்திரு, வெளியே அனுப்பும்போது பழையபடி கொடு. பயனர் கொடுத்ததை இழக்காமல் காப்பதே நூலகத்தின் முதற் கடமை என்ற நிலைப்பாடு அது. மிகச் சரியான நிலைப்பாடு.

பைதானின் பார்சர்களுக்கே ஒரு வம்சாவளி உண்டு. முதலில் கெட்-ஆப்டின் நகல். 2003இல் கிரெக் வார்டின் ஆப்டிக், ‘ஆப்ட்பார்ஸ்’ என்ற பெயரில் 2.3 பதிப்புக்குள் வந்தது. பிறகு ஸ்டீவன் பெத்தார்டின் ‘ஆர்க்பார்ஸ்’, 2010இல் 2.7 பதிப்போடு. 2012இல் விளாதிமிர் கெலெஷேவ் ‘டாக்ஆப்ட்’ வழியே விஷயத்தைத் தலைகீழாக்கினார்: உதவிக் குறிப்பை எழுது, அதிலிருந்தே பார்சர் பிறக்கட்டும். 2014இல் ஆர்மின் ரோனாகரின் ‘கிளிக்’.

ஆர்க்பார்ஸ் உதவிக் குறிப்பைத் தானே எழுதித் தரும். தவறான மதிப்பை மறுக்கும். மதிப்பை எண்ணாக மாற்றித் தரும். மட்டக்களப்பின் அகலக்கோடு 7.7 என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ஈழத்தமிழர் பலர் வாழும் சிட்னியின் அகலக்கோடு -33.9. முன்னால் நிற்பது கழித்தல் குறியா, விருப்பக் கோடா? நிரலில் எண் போலத் தோன்றும் விருப்பம் எதுவும் இல்லை என்றால் அதை எண்ணாகவே கொள்வது என்று ஆர்க்பார்ஸ் முடிவெடுக்கிறது. இப்படி ஊகிக்கவேண்டிய நிலை மல்டிக்ஸ் காலத்தில் ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்ததன் விளைவு.

இதே ஆர்க்பார்ஸ் தமிழ் நீள்விருப்பங்களைத் தடையின்றி ஏற்கும். இரட்டைக் கோட்டோடு ‘ஊர்’ என்று எழுதி, அதன் மதிப்பாகக் குருக்கள்மடத்தைக் கொடுக்கலாம். ஆனால் உள்ளே போனால் ஓட்டைகள் தெரியும். உதவிக் குறிப்பில் விருப்பம் இடப்பக்கமும் விளக்கம் 24ஆம் நெடுவரிசையை ஒட்டியும் வரவேண்டும். ஆர்க்பார்ஸ் நீளத்தைக் குறிகளில் அளக்கிறது. திரை வேறு கணக்கில் எழுத்துகளைப் பரப்புகிறது. நெடுவரிசைகள் கோணலாகின்றன. சுருக்கி எழுதும் சலுகையிலும் சிக்கல். ‘கடல்’, ‘கூடு’ என்று இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘க’ என்று மட்டும் எழுதினால் தமிழருக்கு அது கடலைத்தான் குறிக்கும், ‘கூ’ வேறெழுத்து. பார்சருக்கோ ‘கூ’வும் ககரக் குறியில்தான் தொடங்குகிறது. எது என்று தெரியவில்லை என்று மறுத்துவிடும்.

வாவிக்கு மேற்கே தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கும் கொக்கட்டிச்சோலை இன்னொரு பாடம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, ஓகாரத்துக்கும் அப்படியே. ஆக கொக்கட்டிச்சோலையைக் கண்ணுக்கு வேறுபாடே தெரியாமல் நான்கு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். மாக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை எல்லாப் பெயரையும் பிரித்த வடிவிலேயே சேமித்தது. மற்றவை கொடுத்தபடி வைத்தன. பைதான் நிரலுக்குள் எழுதும் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. கட்டளை வரியில் வந்த சொல்லை மாற்றுவதில்லை. நூலகம் எழுதுபவர் விருப்பப் பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். கோப்புப் பெயர்களையோ தொடவே கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் பார்சர்கள் அரிது.

இலங்கையிலேயே பிறந்த ஒரு முயற்சி இங்கே கவனத்துக்கு உரியது. 2005இல் கொழும்பை மையமாகக் கொண்டு தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் ‘பாலரீனா’ என்ற நிரல்மொழியை அறிமுகம் செய்தது, 1.0 பதிப்பு 2019இல் வந்தது. பாலரீனாவில் தனிப் பார்சர் நூலகத்தைத் தேடவேண்டியதில்லை. நிரலின் முதன்மைச் செயற்கூறு எந்த வகை மதிப்புகளை எதிர்பார்க்கிறது என்று அறிவித்துவிட்டால், கட்டளை வரியில் வந்த சொற்களை மொழியே அந்த வகைக்கு மாற்றித் தருகிறது. எண் கேட்ட இடத்தில் சொல் வந்தால் நிரல் தொடங்கும் முன்பே பிழை சொல்லிவிடும். கருவிக்குச் சொல்வது எது, பயனரின் நிரலுக்குச் சொல்வது எது என்று பிரிக்க அங்கேயும் அதே பழைய இரட்டைக் கோடுதான்.

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணும் வழியும் கைவசம் இருக்கிறது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைதான் நூலகத்தில் ஒரு சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு உண்டு. குருக்கள்மடத்தைக் கொடுத்தால் எட்டு என்று சொல்லும். ஒரு பார்சர் நூலகம் இந்தப் பிரிப்பைத் தன் சுருக்க விதிக்குள் எடுத்துக்கொள்வது சில நாள் வேலை.

சி மொழிப் பக்கத்திலும் சிறு அசைவு தெரிகிறது. ரிச் ஃபெல்கர் 2011இல் வெளியிட்ட, ஆல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் ‘மசல்’ நூலகத்தின் கெட்-ஆப்ட், பைட்டுக்குப் பதில் முழு யூனிகோட் குறியைப் படிக்கிறது. நிரல் தன் மொழிச் சூழலைச் சரியாக அமைத்திருந்தால், கோடும் ‘த’வும் அங்கே ஒரே விருப்பமாகச் செல்லும். கோடும் ‘தி’யும் எழுதினால் இன்னும் இரண்டாகத்தான் பிரிக்கும்: தகரம் ஒரு விருப்பம், இகரக் கொக்கி இன்னொரு விருப்பம்.